‘அமோக்’ வழக்கும் சவரிமுத்து அண்ணனும்

கோத்தா திங்கியிலிருந்து வந்த பஸ் டிரைவர்தான் சொன்னார்: "உங்க துபாஷி தவறிட்டாருங்க." காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சவரிமுத்து அண்ணனோடு அதே கோர்ட்டில் எழுத்துக் கிராணியாக இருந்தவன் நான். அவரோடு போட வேண்டிய சண்டை இன்னும் பாக்கி இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வழக்கு நினைவிருக்கும். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில், எல்லோரும் பார்க்க, தோட்டக் கூலி முனியன் தன் கங்காணியைப் பாராங் கத்தியால் வெட்டினான். விழுந்த பிறகும் விடவில்லை. வாளியிலிருந்த பால் சிவந்துபோனது. சாட்சிக் கூண்டில் ஏறிய தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, "கூலி அமோக் ஆகிவிட்டான்" என்று ஒரே வரியில் முடித்தார். தோட்டத்தில் வேறெதையும் யாரும் கிளற வேண்டாமே! நீதிபதியும் தலையசைத்தார். அமோக் என்ற அந்த வெறிப்பித்தை ஏற்றால் முனியனுக்குப் பைத்திய ஆஸ்பத்திரி, இல்லையென்றால் தூக்கு.

அண்ணனுக்குச் சொற்களின் பிறப்பைத் தோண்டும் கிறுக்கு உண்டு. அமோக் மலாய்ச் சொல், போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் வாயில் ஏறி இங்கிலீஷுக்குப் போனது, மலையாளக் கரையில் சாகத் துணிந்து பாய்ந்த வீரர்களையும் அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள் என்றெல்லாம் சாப்பாட்டு வேளையில் சொல்லி என் பிராணனை வாங்குவார். "இப்ப வெள்ளைக்காரன் கட்டறுத்த குதிரைக்கும் இதத்தான் சொல்றான்" என்பார்.

துரை சொன்னதை அன்று முனியனுக்கு அவர்தான் தமிழில் சொன்னார்: "அமோக்னா, யாரு எவருன்னு தெரியாம எதிர்ல வந்தவங்கள எல்லாம் வெட்டறது. நீ அப்படித்தான் செஞ்சேன்னு துரை சொல்றாரு."

"இல்லீங்க. சுத்தி அத்தன பேரு நின்னாங்க, யாரையாச்சும் தொட்டேனா? என் பொஞ்சாதிய மரத்துல கட்டி வெச்சு அடிச்சவன மட்டுந்தான் வெட்டுனேன்."

நான் அண்ணன் காலை மிதித்தேன். "விட்டுடுங்கண்ணே. பைத்தியமாவே இருந்துட்டுப் போவட்டும்."

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேசியவன் வாயாகவே துபாஷி பேச வேண்டும் என்பது கோர்ட்டு வழக்கம். "இல்லை. சுற்றி நின்ற யாரையும் நான் தொடவில்லை. என் மனைவியை மரத்தில் கட்டி வைத்து அடித்தவனை மட்டும் நான் வெட்டினேன்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

தீர்ப்பன்று விலங்கோடு போகையில் முனியன் நின்றான். "நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"சொன்னேன்பா."

"போதுங்க."

"அவன் கழுத்துல கயித்த மாட்டுனது நீங்கதான்" என்று கோர்ட்டு வாசலிலேயே கத்தினேன். "அவன் சொன்னத முழுங்கறதுக்கு யாருடா எனக்கு அதிகாரம் குடுத்தா?" என்றார். முனியனைத் தூக்கில் போட்டார்கள். துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள்.

அண்ணன் செய்தது சரியென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தோட்டத்து வெட்டுக்குத்து எதையாவது அமோக் என்று எழுதச் சொன்னால் என் பேனா நின்றுவிடுகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே கேள்வி. அதைக் கேட்காமல் நான் எழுதுவதில்லை: வெட்டியவன் யாரையெல்லாம் வெட்டாமல் விட்டான்?