அம்மாவைக் காணேல்லை

என் மூத்தவனுக்கு ஏழு வயதும் இளையவனுக்கு ஐந்து வயதுமாக இருந்த வருடம் அது. இருவரும் நடந்து நான் பார்த்ததில்லை. ஓடுவார்கள், இல்லாவிட்டால் நித்திரை கொள்வார்கள். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு மாமரத்திலிருந்து கூரைக்குத் தாவி இரண்டு ஓடுகளை அவர்கள் உடைத்த கிழமையில்தான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திருவிழா வந்தது. அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அதனால் கணவரால் வர முடியவில்லை.

"ரெண்டு பேரையும் தனியக் கொண்டுபோவீரோ?" என்று கேட்டார்.

"ஓம், என்னால ஏலும்" என்றேன்.

பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறியதுமே அந்தத் தைரியம் குறையத் தொடங்கியது. இளையவன் முன் இருக்கையில் இருந்தவரின் வழுக்கைத் தலையில் விரல்களால் தாளம் போட்டான். நல்ல வேளை, அவர் திரும்பிச் சிரித்தார்.

கோயிலடியில் சனம் நெருக்கித் தள்ளியது. இருவரையும் இறுக்கிப் பிடித்தபடியே வந்தவள், செருப்பைக் கழற்ற ஒருதரம் குனிந்தேன். நிமிர்ந்தபோது இரண்டு பேரும் இல்லை.

விளையாட்டுச் சாமான் கடைகளைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் வான் வண்டியைச் சுற்றி வந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் மேளத்தில் அமுங்கிப் போயிற்று. அருகிலிருந்த நந்திக்கடல் நீரேரிப் பக்கம் போயிருப்பார்களோ என்ற நினைப்பு வந்ததும் வெறுங்காலோடு சுடுமணலில் ஓடினேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கி சொன்னது: "ஒரு அம்மாவைக் காணவில்லை."

சண்டையில் காணாமல் போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் எங்கள் பக்கத்தில் 'காணவில்லை' என்ற சொல்லை யாரும் இலேசாகக் கேட்பதில்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வயதான பெண் ஒருவர் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஓடிக்கொண்டிருந்த நானும் ஒருகணம் நின்றேன், யாரோ ஒருத்திக்காக.

ஒலிபெருக்கி தொடர்ந்தது. "வட்டக்கச்சியிலிருந்து வந்தவர். மஞ்சள் சீலை உடுத்தியிருக்கிறார். கோபமாக இருப்பார் என்று அவருடைய பிள்ளைகள் சொல்கிறார்கள்."

சனம் சிரித்தது. கும்பிட்ட அந்தப் பெண் என் சீலையைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை, அது நீங்கள்தானே? ஓடுங்கோ, ஓடுங்கோ" என்று என் முதுகில் தட்டினார்.

அறிவிப்புக் கொட்டகையில் ஒரே கதிரையில் இருவரும் நெருங்கி உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மூத்தவன் எழும்பினான்.

"எங்க அம்மா போனனீங்கள்? நாங்கள் எவ்வளவு நேரமாத் தேடினனாங்கள்!"

அறிவிப்புச் செய்த ஐயா சிரித்தார். "தங்கச்சி, ரெண்டு பேரும் அழவேயில்லை. அம்மா தனியப் பயப்பிடுவா, கெதியாச் சொல்லுங்கோ எண்டு என்னைக் கரைச்சல்படுத்திப் போட்டாங்கள்."

வழி முழுக்க நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. இளையவன் பிஸ்கட் தூள் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் துடைத்தான்.

"நான் கோவமா இருப்பன் எண்டு ஏனடா சொன்னனீ?" என்று மூத்தவனைக் கேட்டேன்.

"அப்பிடிச் சொன்னால்தானே கண்டுபிடிப்பினம்" என்றான், மிகவும் பொறுப்பாக.

இத்தனை வருடமாக நான்தான் அவர்களைக் காவல் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர்களோ என்னைக் காப்பது தங்கள் வேலை என்றல்லவா நினைத்திருக்கிறார்கள்! அதன் பிறகு கோயிலைச் சுற்றி வந்த நேரம் முழுவதும் மூத்தவன் என் சீலைத் தலைப்பை விடவேயில்லை.

பின்னேரம் பரந்தனில் கணவர் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்றார். நித்திரையாகிப்போன இளையவனை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டே கேட்டார்: "என்ன, குழப்படி செய்தவங்களோ?"

"இல்லையப்பா," என்றேன். "நான்தான் துலைஞ்சு போனனான்."