உருண்டைக் கருவும் ஒரு கத்தரியும்

கத்தரியை எடுத்தால் மெஹ்னாஸ் உடனே எதையும் வெட்டுவதில்லை. இரண்டு அலகுகளையும் அகல விரித்து, மெதுவாக மூடுகிறார். மறுபடி விரிக்கிறார். பால் பாக்கெட் பக்கத்தில் காத்துக் கிடக்கிறது. கிருஷ்ணகிரி சந்தையில் வாங்கிய, ஆட்டு ரோமம் வெட்டும் பெரிய கத்தரி. எங்கே போனாலும் கைப்பையில் இருக்கும். "யாராச்சும் பையைச் சோதிச்சா என்னன்னு சொல்வீங்க?" என்றேன் ஒருநாள். "அணுக்கருன்னு சொல்வேனுங்க" என்றார். சிரிக்கவில்லை.

வயது நாற்பத்தொன்று. தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. மத்திகிரியில் நாராயணம்மாவின் வீட்டு மாடியில் ஒற்றை அறை. நான் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு. கம்பெனி பஸ்கள் ஷிப்டு ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில் தெருவே பேச்சாக இருக்கும். அவர் மட்டும் யாரிடமும் நிற்காமல் மாடி ஏறிவிடுவார். பேச விருப்பமில்லாதவர் என்று நினைத்திருந்தேன். தப்பு. பேச அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

"நல்லா உருண்டையா இருக்கற பந்து சுத்துனா, சுத்தறதே தெரியக் கூடாதுங்க. சில அணுக்கருவும் கிட்டத்தட்ட உருண்டைதான். ஆனா சுத்தறது தெரியுது! காமா கதிர் படிப்படியா வருது." கருவுக்குள் சில புரோட்டான்கள் கத்தரியின் ஓர் அலகு, சில நியூட்ரான்கள் மற்றோர் அலகு. அவை மூட மூடச் சுழற்சி ஏறுமாம், காந்தக் கதிரின் பலம் இறங்குமாம். பதினோரு வருடப் பகுதிநேர ஆராய்ச்சி இதுதான். "பாத்தீங்களா?" என்று கத்தரியை என் மூக்கருகே மூடினார். தலையாட்டினேன். புரிந்தது கால்வாசி.

போன வியாழக்கிழமை டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். டீ, பலகாரம் ஆராய்ச்சி செய்தவர் பொறுப்பு. தெரிந்தவர்களுக்குச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்துக் கேட்கவைப்பதும் உண்டாம். மெஹ்னாஸ் மறுத்துவிட்டார். "நானே கேட்டு நானே பதில் சொல்றதுக்கு என் ரூமே போதுமேங்க. ஒருத்தராச்சும் நெசமா கேக்கணும்." நாற்பது பலகாரப் பொட்டலம் வாங்கியிருந்தார்.

வந்தது நானும் நாராயணம்மாவும், கதவருகே ஒரு பியூனும். சக ஆசிரியர்களுக்கு வேறு வேலையாம். தேர்வாளர்கள் இருவரும் கொண்டுவந்த கேள்விகளைத் தாளைப் பார்த்தே படித்தார்கள். பிறகு, "சபையில யாராவது?" மெஹ்னாஸ் எங்களைப் பார்த்தார். எழுதுகிறவன் என்று பெயர், எனக்கு வாய் வரவில்லை. சே! அரை நிமிடத்தில் "டாக்டர் மெஹ்னாஸ்" என்று அறிவித்துக் கைதட்டி முடித்தார்கள்.

திரும்பும் ஆட்டோவில் முப்பத்துநான்கு பொட்டலங்கள் அவர் மடியிலும் காலடியிலும். டாக்டர் பட்டம் வாங்கியவர் முகமாக இல்லை அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டோ சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டியது. நாராயணம்மா தன் இரண்டு விரல்களை விரித்து, மூடி, எதையோ யோசித்தபடி வந்தார்.

"ஏம்மா, அந்தக் கத்தரி பூரா மூடிக்கிச்சின்னா, அதுக்கு மேல அது எப்பிடிச் சுத்தும்?"

மெஹ்னாஸ் நிமிர்ந்தார். "அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றார் டிரைவரிடம். பொட்டலங்களை என் மடியில் தள்ளிவிட்டு, பையைத் திறந்து கத்தரியை எடுத்தார்.