நீண்டுபோன சஜ்தா

அல்லாஹ்வை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளே, அவனுடைய சாந்தி உங்கள் வீடுகளில் நிலவட்டும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன ரமலானுக்குப் பிறகு என் கணவருக்கு நடை தடுமாறியது. காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கடைக்குப் போகிற வழியே அவருக்கு மறந்தது. தலைக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார்கள் மதுரையில். மூளையிலிருந்து வயிற்றுக்கு, தோலுக்கு அடியிலேயே ஒரு குழாய் வைத்து நீரை வடியவிட்டார்கள். ஷன்ட் என்று அதற்குப் பெயர். நன்றாக நடந்து வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் நெய்ச்சோறு ஆக்கிக் கொடுத்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். சில வாரங்களில் தலைவலி வந்தது. எழுந்து உட்கார்ந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு அழுவார். பேரன் எடுத்த மனிதர் அப்படி அழுதால் பக்கத்தில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? ஆபரேஷன் வலிதான் என்று உள்ளூர் டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. நான் கால் பிடித்துவிடுவேன், ஓதி ஊதுவேன், அடுப்படியில் நின்று அழுவேன்.

ஒரே ஆறுதல், தொழுகையை அவர் விடவில்லை. சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் எழவே மாட்டார். "இதுலதான் நிம்மதியா இருக்கு" என்பார். என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு ஈமான் எம்புட்டுக் கூடியிருக்கு பாத்தீகளா மதினி" என்று கண் கலங்கினாள். அவருடைய இறைநம்பிக்கையை நினைத்து எனக்கும் பெருமைதான்.

ஆனால் ஆள் மங்கிக்கொண்டே வந்தார். பேச்சு குழறியது. காரில் படுக்கவைத்து மறுபடி மதுரைக்குக் கொண்டுபோனோம். வழியில் எனக்கு துஆ கேட்கக்கூட வார்த்தை வரவில்லை. "யா அல்லாஹ், எனக்கு ஒண்ணும் புரியல. நீயே காட்டிக் குடு." அவ்வளவுதான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது லுஹர் தொழுகை நேரம் வந்தது. வராந்தா ஓரத்தில் தொழுதார். சஜ்தாவுக்குப் போனவர் எழவில்லை. அவருக்குக் குழாய் வைத்த டாக்டரம்மா அந்தப் பக்கமாக வந்து, "மயங்கிட்டாரா?" என்று பதறினார்.

"இல்லம்மா, அவுக அப்படித்தான். எந்திரிச்சா தலை வலிக்குது, தரையில பட்டா வலியே போயிருதும்பாக."

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "எந்திரிச்சா வலி, தலை தாழ்ந்தா வலி இல்லையா? ஏம்மா இதை இத்தனை நாள் சொல்லல?"

தொழுகையை நோய்க்கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் அளவுக்கு மீறி நீரை வடித்திருந்தது. மூளை உள்வாங்கி, அதைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, அரிது என்றார் டாக்டரம்மா. அன்றே மறுபடி ஆபரேஷன். கதவுக்கு வெளியே ஒன்றும் செய்ய இயலாதவளாக உட்கார்ந்திருந்தேன். அல்லாஹ்வைத் தவிர எனக்கு அங்கே யாருமில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அவரைத் திருப்பிக் கொடுத்தான். இடது கை இன்னும் முழுதாக வசப்படவில்லை. நாளைக்கு என்ன வருமோ என்ற பயமும் எனக்குப் போகவில்லை.

சஜ்தாவில் கிடைத்த அந்த நிம்மதிதான் என் துஆக்களுக்குப் பதில் என்று வீட்டில் இருந்த நாளெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அது நோய் காட்டிய அடையாளம். என்னைப் போல் திக்குத் தெரியாமல் நிற்பவர்களே, வார்த்தை வராவிட்டாலும் கையேந்துங்கள். டாக்டரிடம் போனால் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், உங்கள் வணக்கத்தையும் சேர்த்து. பதிலை அவன் எதில் வைத்திருக்கிறான் என்று நமக்கு என்ன தெரியும்?