மாமா குடை

காக்கைக்கு வைத்த சோறு தீண்டப்படாமல் கிடந்ததால், எங்கள் அக்கா கல்யாண ஏக்கத்தோடு போய்விட்டார் என்று உறவுக்குள் ஒரு கதை ஓராண்டாகச் சுற்றுகிறது. அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளான இன்று இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்புகிறவர்கள். நினைவு மலரில் இதையெல்லாம் எழுதக் கூடாது என்று என்னிடம் சொன்னார்கள். எழுதத்தான் போகிறேன்.

அக்கா மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா முதலில் போனார். அம்மாவும் போனபோது அக்காவுக்கு வயது பதினேழு, எனக்கு ஏழு, தம்பிக்கு நான்கு. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். அக்கா எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு அலுவிகாரைக்கு இறங்கி வந்து, ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் சமையலுக்குச் சேர்ந்தார். கடை முதலாளியான முஸ்லிம் பெரியவரை நாங்கள் நானா என்று அழைப்போம். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளை அவர் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அங்கிருந்து படித்துத்தான் நான் ஆசிரியையானேன். தம்பி தம்புள்ளையில் லொறி ஓட்டுகிறான்.

பின்முற்றத்தில் ஒரு பலா மரம். மிச்சச் சோற்றுக்காகக் காக்கைகள் அதில் குடியிருந்தன. காக்கை கத்தினால் விருந்தாளி வரும் என்பதோடு நாமெல்லாம் நிறுத்திக்கொள்வோம். அக்கா நிறுத்தவில்லை. என் பழைய கொப்பியொன்றை எடுத்து, கேட்ட ஒவ்வொரு கத்தலையும் அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத ஆரம்பித்தார். பருந்து வட்டமிட்டால் இழுத்து இழுத்து ஒரு கத்தல். பூனைக்கு வேறு. ஜோடியாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று இறகு கோதும்போது தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல். குரங்குக் கூட்டம் வந்தால் கட்டை கட்டையாக, மூச்சு விடாமல். அதைக் கேட்டதுமே அக்கா அடுப்படி ஜன்னலைச் சாத்திவிடுவார். கொஞ்ச நேரத்தில் குரங்குகள் கூரைத் தகரத்தில் தடதடவென்று இறங்கும். முதலில் சிரித்த நானா, ஒருநாள் வாழைக்குலை தப்பியதும் ஒப்புக்கொண்டார்.

"தங்கச்சி, ஒங்கட காக்கா பொய் சொல்லாது. இனி நீங்க சாத்தச் சொன்னா நான் ஒண்டும் கேக்க மாட்டேன்."

வில்கமுவவில் வயல் செய்கிற பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், மாதம் ஒரு தடவை மாப்பிள்ளை பேச வருவார். கறுப்புக் குடையை மடக்கிக் கட்டாமல், துணி தொங்கத் தொங்கக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். அவரைக் கண்டதும் பலா மரமே அலறும். அக்கா யோசித்தார். ஒருநாள் கிழிந்த கறுப்புத் துணியொன்றைத் தானே கையில் தொங்கவிட்டு முற்றத்தில் நடந்தார். அதே அலறல், தலையில் இரண்டு கொத்தும் கிடைத்தது. தொங்கி ஆடும் கறுப்பு எதுவானாலும் காக்கைக்கு அது செத்த காக்கை, பிடித்திருப்பவர் கொலைகாரர். கொப்பியில் அந்தக் கத்தலுக்கு அக்கா வைத்த பெயர் "மாமா குடை". மாமா வளைவில் திரும்புவதற்கு முன்பே, "பிளேன்டீ ஊத்து, மாமா வர்றாரு" என்று எனக்குக் குரல் கொடுப்பார்.

"வயசு போகுதும்மா. கடைசி காலத்துல ஒனக்குன்னு யாரு இருக்கா?" என்பார் மாமா.

"இந்தா, ரெண்டு பேரு இருக்காங்களே. எனக்கு ஒரு கொறையும் இல்ல மாமா. வேணாம்னா வேணாந்தான். டீ ஆறுது, குடிங்க."

ஒருமுறை நானும் மாமா பக்கம் பேசினேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

சென்ற ஆண்டு நோய் முற்றியதும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்றார் அக்கா. கட்டிலை ஜன்னலோரம் போட்டோம். பேச்சு நின்ற பிறகும் கொப்பி தலைமாட்டில் இருந்தது. போவதற்கு முந்தின நாள், இறகு கோதும் முனகலைப் போலத் தொடங்கி, கடைசியில் நாக்கைச் சொடுக்கியது போல முடிந்த ஒரு சத்தம் மரத்திலிருந்து வந்தது. அக்கா கண்ணைத் திறந்தார். கொப்பியைச் சைகையால் கேட்டு வாங்கி எழுதினார்: "இது புதுசு."

இனி கருமாதிக்கு வருகிறேன். பதினாறாம் நாள் பின்மதிலில் இலை போட்டுச் சோறு வைத்தோம். மாமா இலைக்குப் பக்கத்திலேயே, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "கா கா" என்று கூப்பிட்டார். மரம் முழுக்க "மாமா குடை" என்று அலறியது. அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"மாமா, குடைய உள்ள வச்சிட்டு வாங்க. அதுக்குத்தான் கத்துது" என்றேன்.

"நான் பொறக்க முந்தியே இந்தக் குடும்பம் காக்காவுக்குச் சோறு வச்சிருக்கு. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார் மாமா. மாமாவின் மனைவியான அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாண ஆச தீராம போயிட்டா, அதான் தொட மாட்டேங்குது" என்றார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை சோறு அப்படியே கிடந்தது. எல்லோரும் அந்தக் கதையோடு பஸ் ஏறினார்கள். பஸ் வளைவைத் தாண்டியதும் காக்கைகள் இறங்கின. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. நானும் நானாவும் பார்த்தோம். நம்பாதவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் இருவரையும் ஆளாக்கி, தனக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொல்லி, தலை நிமிர்ந்து வாழ்ந்தவர் எங்கள் அக்கா. அவரை ஏங்கிப்போனவராக்க யாருக்கும் உரிமை இல்லை. மாமாவுக்கும் இல்லை, அத்தைக்கும் இல்லை.

கடைசிவரை கஞ்சி கொடுத்தனுப்பிய நானாவின் வீட்டாருக்கும், மாறி மாறித் துணையிருந்த பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரிகளுக்கும், இரவல் வாகனத்தில் ஓடிவந்த தம்பியின் நண்பர்களுக்கும், வயதையும் பாராமல் பாடைக்குத் தோள் கொடுத்த பெரிய மாமாவுக்கும் எங்கள் நன்றி. மாமா மேல் கோபம் உண்டு, அன்பு அதைவிட உண்டு.

இன்றும் பின்மதிலில் சோறு வைப்போம். குடைகளை வாசலிலேயே வாங்கி வைக்கத் தம்பி நிற்பான், தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். சோறு வைத்ததும் சற்றுப் பேசாமல் இருங்கள். அக்காவுக்கு நிறைவேறாத ஆசை ஒன்று இருந்தது, உண்மைதான். "இது புதுசு" என்ற வரிக்குக் கீழே பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. முனகித் தொடங்கிச் சொடுக்கி முடியும் அந்தச் சத்தம் கேட்டால், அப்போது மரத்தில் என்ன நடந்தது என்று பார்த்து என்னிடம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். அந்த ஆசையைத் தீர்க்க மாப்பிள்ளை வேண்டியதில்லை. காது இருந்தால் போதும்.