ரத்தம் ஊறும் கணக்கு

இராசிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண் பெரியநாயகி, எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் கற்பித்தாள். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. உடம்பில் ரத்தம் குறைந்தால் எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் எத்தனை வேகத்தில் புது ரத்தம் உண்டாக்கும் என்பதற்கு அவள் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

சரிபார்க்க நிஜ ரத்த அளவுகள் தேவைப்பட்டன. காசுக்கு ரத்தம் கொடுப்பவர்களை வைத்துப் பிழைப்பு நடத்திய ரத்த வங்கி முதலாளி சுவாமிநாதன், கேட்டதும் சம்மதித்தார். வேலை முடிந்ததும் அவரிடம் இரண்டு வரைபடங்கள் கொடுத்தாள். நன்றாகச் சாப்பிடுகிறவனுக்குச் சில வாரங்களில் ரத்தம் தேறிவிடும் என்றது ஒன்று. அரைவயிற்றுக்காரனிடம் அடிக்கடி எடுத்தால் இரும்புச்சத்து வற்றி, மஜ்ஜையே ஓய்ந்துவிடும் என்றது மற்றது.

அடுத்த முறை போனபோது முதல் வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதன் கீழே பெஞ்சில் ஒருவர் சுவரிலிருந்து காரையைப் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. குமாரபாளையத்துத் தறிக்காரர், பெயர் கந்தவேல்.

"ஏனுங்கண்ணா, இதைப் போயித் திங்கறீங்க?"

"வாயி இதைத்தானுங்க கேக்குது. இப்பெல்லாம் ரத்தம் குடுக்க மறுபடி சீக்கிரமே வரச் சொல்றாங்க. யாரோ காலேஜ் டீச்சரம்மா கணக்குப் போட்டுச் சொன்னாங்களாமா, கெணத்துத் தண்ணியாட்ட ஊறிருமுன்னு."

பெரியநாயகி உள்ளே போனாள். சுவாமிநாதன் போண்டாவைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு படம் எங்கீங்க?"

"அது எதுக்குங்க மேடம், பாக்கறவன் பயந்துக்குவான்" என்று விரலை நக்கினார்.

சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், சாக்கடை ஓரம் நின்று வாந்தி எடுத்தாள். பிறகு கந்தவேலை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இரும்புச்சத்து வற்றினால் இப்படிக் காரை, மண் தின்னத் தோன்றும் என்றார் டாக்டர்.

"சமன்பாடு சரிதானே? அதை எவன் எதுக்குப் பயன்படுத்திக்கிட்டா உனக்கென்ன?" என்றார் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி வீரபாகு. அந்த முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. பட்டமே வேண்டாமென்று விட்டாள். அவள் கொடுத்த புகாருக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சுவாமிநாதனின் அறையில் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

மாத்திரையும் கீரையுமாகக் கந்தவேல் மெல்லத் தேறி, மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, ரத்த தானத்துக்குத் தொண்டாற்றியவர் என்று கல்லூரி ஆண்டுவிழாவுக்குச் சுவாமிநாதனை அழைத்திருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தைப் பெரியநாயகியின் கையில் கொடுத்து வாசலில் நிற்கச் சொன்னார்கள். அவர் காரைவிட்டு இறங்கிப் பல்லைக் காட்டினார். அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.