தண்டவாளத்தில் நின்ற கார்

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு டிப்போவில் வைத்த பெயர் 'பளிச்'. பேருந்து கழுவுவதுதான் வேலை. தான் கழுவிய வண்டி சேறோடு வெளியே போனதில்லை என்று கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். ஓய்வு பெற்றபின் கை அரித்துக்கொண்டே இருந்தது. மகள் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கியதும் மனிதருக்கு உயிர் வந்தது. சாயங்காலமானால் வாளி, ஷாம்பு, ரப்பர் பைப்பு. நுரை தெருவைத் தாண்டி என் வாசலுக்கு வரும். நான் முறைப்பேன். அவர் கையைத் தூக்கி வணக்கம் போடுவார்.

மகள் நர்ஸ். தாய் போனபின் அந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர். ஆஸ்பத்திரி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலை ஷிப்டு நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கார் வந்தபிறகுதான் அவள் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தாள்.

மழைக்காலம் வந்ததும் கார் படுத்த ஆரம்பித்தது. மழை பெய்த மறுநாள் காலையில் திணறும். வேகம் குறைத்தால் அணைந்துபோகும். வெயில் நாளில் நல்லபிள்ளை. ஒருநாள் கேட்டில் மெதுவாக ஏறும்போது தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. மணி அடிக்கத் தொடங்க, பின்னால் பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

"ஒண்ணுமில்லப்பா, தள்ளிவிட்டாங்க, போயிட்டேன்" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.  அதற்குப்பின் வானம் இருட்டினால் பளிச்சுக்குச் சோறு இறங்காது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவன் வயர்கள்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். என்ஜின் சிணுங்கக்கூட இல்லை, சீராக ஓடியது. சந்தேகத்துக்கு, பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலை மாற்றினான். மறுபடியும் மழை, மறுபடியும் திணறல்.

"இங்க வரும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கற வண்டில நான் எதைத் தேடுறது? நிக்கறப்ப கொண்டாங்க."

"நிக்கறப்ப எம்பொண்ணு தண்டவாளத்துல இருப்பா தம்பி."

மகளிடம் லீவு போடச் சொல்லிப் பார்த்தார். "நான் போகலேன்னா ராத்திரி டூட்டி முழுக்க முழிச்சவ வீட்டுக்குப் போக முடியாதுப்பா" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தோன்றும்வரை அவர் வாசலிலேயே நிற்பார். பார்க்கிற எனக்கே எரிச்சலும் பயமுமாக வரும்.

அவளுக்கு ஒரு விடுமுறை வந்தது. முந்தின நாள் நல்ல மழை. காலையில் பளிச் என் கதவைத் தட்டினார்.

"வாங்க சார், வண்டி நிக்குதான்னு பாத்துட்டு வருவோம்."

கார் நின்றுபோக வேண்டுமென்று வேண்டிக்கொண்டு ஏறியது எனக்கு அதுவே முதல் தடவை. அவரே ஓட்டினார். கிளம்பும்போதே கார் உதறியது. மெக்கானிக் கடைத் தெருவின் வேகத்தடையில் உயிரை விட்டது. "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று சந்தோஷமாகக் கத்தினார். நல்ல துணி உடுத்திக்கொண்டு சேற்றில் கார் தள்ளியவன் நான்.

மெக்கானிக் ஓடிவந்து பானெட்டைத் திறந்தான். என்ஜினின் தலையில் நான்கு குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பார்க் பிளக். முதல் குழியின் மேலிருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கி, ஸ்குரூ டிரைவரில் துணியைச் சுற்றி உள்ளே விட்டான். துணி சொட்டச் சொட்ட வந்தது. விரல்களுக்கு நடுவே தேய்த்தான், நுரைத்தது. மோந்து பார்த்தான்.

"பெரியவரே, மழைத்தண்ணில ஷாம்பு வாசனை வருமா?"

பளிச் அந்தத் துணியை வாங்கி மோந்து பார்த்தார்.

"பானெட்டைத் திறந்துமா கழுவுறீங்க?"

"சேறு தெறிச்ச அன்னிக்கு மட்டும்தான். பைப்பை உள்ள காட்டுவேன். பஸ்ஸெல்லாம் அப்படித்தான் கழுவுனேன். ஒரு வண்டி நின்னதில்ல."

"பஸ்ஸு டீசலுங்க. அதுக்குப் பொறியே வேண்டாம். இது பெட்ரோலு, பொறி பட்டாத்தான் எரியும். அந்தப் பொறி விழுற குழியிலதான் தண்ணிய விட்டிருக்கீங்க. ரப்பரும் வெடிச்சிருக்கு, உள்ள இறங்கிடுச்சு. கொஞ்சம் ஓடினா சூட்டுல காஞ்சிடும், அப்புறம் எங்கிட்ட வந்தா ஒண்ணும் தெரியாது. நான் வயர்மேல தெளிச்சேன். குழிக்குள்ளயே ஊத்துவாங்கன்னு யாருக்குத் தோணும்?"

காற்றடித்துக் குழிகளைக் காயவைத்து, நான்கு மூடிகளையும் மாற்றினான். என்ஜின் ஒரு திணறலும் இல்லாமல் ஓடியது. பளிச் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. திரும்பும்போது நான்தான் ஓட்டினேன்.

"நாந்தான் சார் அவளைத் தண்டவாளத்துல நிறுத்தியிருக்கேன்."

"பொண்ணுகிட்ட ரப்பர் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே" என்றேன். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"மணி அடிக்குதுப்பா. கதவைத் திறந்து இறங்கணும்னுகூடத் தோணல எனக்கு. சாவியையே திருகிட்டு உக்காந்திருந்தேன். அன்னிக்குப் பூரா ஒருத்தருக்கும் ஊசி போட முடியல. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சிரிச்சேன்."

 அடுத்து வந்த நாட்களில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. பைப்பு சுருட்டியபடி கிடந்தது. கார் சேறும் சகதியுமாக நின்றது.

ஒரு காலை, விடிய விடியக் கொட்டிய மழை இன்னும் ஓயவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போனாள். குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் பளிச் வாசலில் நின்றார். மனசு கேட்காமல் நானும் போய் நின்றேன். தூரத்தில் ரயில் கூவியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது, விடச் சொல்லவில்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஈரக் கையில் வழுக்கியதால் நான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, கேட்டுக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓரமா நிறுத்தியிருக்கேன். ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட்டும் பண்ணிப் பாத்துட்டேன். உள்ள போங்க, நனையாதீங்க. தாண்டிட்டேன்பா."