மேல்வீட்டு அன்ரி கேட்ட மன்னிப்பு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது. இரண்டு கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவந்தது. சுவாமி அறை அதுவரை அம்மாவின் இலாகா. அவர் போனபிறகு அப்பாவே காலையில் குளித்து, படத்துக்கு முன்னால் நின்று, என் நெற்றியில் மூன்று விரலால் திருநீற்றை இழுத்துவிடத் தொடங்கினார். பழக்கமில்லாத கை, பாதி என் இமையில் கொட்டும்.

நாங்கள் அப்போது ஒஸ்லோவில், ரொம்சோஸ் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். எங்களுக்கு நேர் மேலே கானாவின் அக்ரா நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு மகள் எஃபுவா என்னுடைய வகுப்பு. அவளுடைய தாயை நான் அன்ரி என்பேன். அப்பா பஸ் ஓட்டுபவர். அவர் வேலை முடிந்து வரும்வரை நான் அன்ரி வீட்டில்தான் இருப்பேன்.

எஃபுவாவுக்குத் தலை பின்னும்போது அன்ரி தன்னுடைய தெருவைப் பற்றிச் சொல்வார். அவருடைய தாய் தேவாலயத்தில் பாடுபவர். தாயின் அண்ணன் முஸ்லிம். நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகள் எல்லாரும் மாமா வீட்டில் சாப்பிடுவார்களாம். நத்தாருக்கு மாமாவின் பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தேவாலயத்தில் முன்வரிசை பிடிப்பார்களாம். விடியப்புறம் பாங்கொலி ஒரு பக்கம், ஜெபக் கூட்டத்து மேளம் மறுபக்கம். எந்தச் சத்தத்துக்கு எழும்பினோம் என்று அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தாங்கள் தேவாலயத்துக்குப் போவதாகவும், என்னையும் கூட்டிப்போகலாமா என்றும் அன்ரி கேட்டார். அப்பா உடனே தலையாட்டினார்.

"அதுக்கென்ன, எல்லாம் ஒரு கடவுள்தானே. குழப்படி செய்யாமல் இரு" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அன்று அப்பா என் நெற்றியில் வழமையைவிட அழுத்தமாகத் திருநீறு பூசியிருந்தார். வெள்ளிக்கிழமைதான் வகுப்பில் ஒருத்தி அது என்ன மாவா என்று கேட்டிருந்தாள். புறப்படுமுன் எஃபுவா வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தொட்டு முழுவதையும் அழித்தேன். படியிறங்கும்போதே அன்ரி கண்டுவிட்டார். என் உயரத்துக்குக் குனிந்து, அப்பா வைத்தது எங்கே என்று கேட்டார். நானே அழித்தேன் என்றேன். அது உன் அப்பா உனக்காக வைத்தது, அதோடு வந்தால் எங்கள் இடத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. பிறகு அம்மாவின் முழுப்பெயரை மூன்று தரம் என்னிடம் கேட்டுப் பாடமாக்கினார்.

தேவாலயம் என்பது ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேளம் அடித்தார்கள். அன்ரி முன்னுக்குப் போய் அம்மாவின் பெயரைச் சொன்னார். உடனே வெள்ளை உடுப்புப் போட்ட அத்தனை பேரும் எழும்பி, அந்த நீளப் பெயரை ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாக உடைத்து, உரக்கக் கூப்பிட்டார்கள். யாரையோ அல்ல, என் அம்மாவை. நானும் கைகளை உயர்த்திக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது லிஃப்ற் வாசலில் அப்பா நின்றார். அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. என் நெற்றியைப் பார்த்தார்.

"திருநீறு எங்கை? ஆர் அழிச்சது?"

அப்பாவை அந்தக் கோலத்தில் நான் கண்டதில்லை. பயத்தில் வாய் முந்திவிட்டது.

"அன்ரி."

அப்பா நோர்வேஜிய மொழியில் தொடங்கினார். உன்னை நம்பித்தானே பிள்ளையை விட்டேன், நான் பூசியதை நீ ஏன் அழித்தாய் என்றார். சொற்கள் போதாமல் தமிழுக்குத் தாவினார். "ஒரு கடவுள் எண்டு சொன்னது பிள்ளையின்ரை நெத்தியை அழிக்கிறதுக்கில்லை!"

எஃபுவா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அன்ரி அவளுடைய தோளில் கை வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவிடம், தவறுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு பள்ளி விட்டதும் ஹவுகெட்டோ என்ற வேறு பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு இருந்தேன். எஃபுவா வகுப்பில் வேறு மேசைக்கு மாறினாள். அம்மா சுகமாகி வந்தார். மேல்வீட்டுக்குப் போய் நன்றி சொல்லவேண்டும் என்றவரை அப்பா நடந்ததைச் சொல்லித் தடுத்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த கோடையில் அவர்கள் வேறு நகரத்துக்குப் போனார்கள். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போது தேடுகிறேன்; அவர்களுடைய குடும்பப் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

போன மாரியில்தான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். லோறென்ஸ்கூக்கில் இப்போது இருக்கும் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த மனிசி ஏன் தான் செய்யேல்லை எண்டு சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி ஒன்பது வயதில் எனக்கு வரவேயில்லை. அழித்தது நான்தான் என்பதை அன்ரி மறந்துவிட்டார் என்றே அன்று நினைத்தேன். காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் மறந்துபோகுமா, பெரியவர்களுக்கு இவ்வளவு மறதியா என்று வியந்தபடி, தப்பித்த சந்தோஷத்தில் அப்பாவுக்கு முன்னால் லிஃப்ற்றுக்குள் ஓடி ஏறினேன்.